எங்கள் வீட்டுக் கறிச் சண்டை

மாட்டுக்கறிக் குழம்பில் வினிகர் ஊற்றலாமா, கூடாதா? ஏறக்குறைய முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் இந்தச் சண்டை நடந்து வருகிறது. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அண்ணி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற சண்டை இல்லை இது. இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் உட்கார்ந்து, ஒரே முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டே போடுகிற சண்டை. அண்ணன் எந்தக் கட்சியிலும் சேரமாட்டான். யார் குழம்பு வைத்தாலும் களியை உருட்டி ஒரு கை பார்த்துவிட்டு, “ரெண்டும் நல்லாத்தான் கீது” என்று எழுந்து போய்விடுவான். அவனைப் போல ஒரு சந்தர்ப்பவாதியை நான் பார்த்ததில்லை.

எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். ஊர்த்தெருவைத் தாண்டி, ஓடைக்கு அந்தாண்டை சேரி. அப்பா பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தார். சுண்ணாம்புக் குழியில் இறங்கி தோலைப் புரட்டுகிற வேலை. அம்மா கழனி வேலைக்குப் போவாள், வேலை இல்லாத நாளில் பீடி சுற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை கறி. அந்த ஒரு நாளைக்காக மற்ற ஆறு நாளும் இருந்தோம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

அம்மா கறி ஆக்குகிற விதத்தைச் சொல்கிறேன். கறியை இரண்டு தண்ணியில் அலசி, மஞ்சள் தூளும் கல் உப்பும் போட்டுப் பிசறி, இஞ்சி பூண்டு நசுக்கிப் போட்டு, மண் சட்டியில் அதன் தண்ணியிலேயே வேகவிடுவாள். கறி முற்றலாக இருந்தால் ஒரு துண்டு பப்பாளிக்காய், அது கிடைக்காவிட்டால் கழுவிய கொட்டாங்குச்சிச் சில்லு ஒன்று சட்டிக்குள் போகும். நன்றாக வெந்து எண்ணெய் பிரிந்து வருகிற வரைக்கும் புளி கிட்டேயே வரக்கூடாது. “புளி முன்னாடி போட்டா கறி வேவாது. ரப்பராட்டம் வாயில கெடந்து இழுக்கும்.” காய்ந்த மிளகாயும் தனியாவும் அம்மியில் அரைத்தது. கூட மொச்சைக்கொட்டையோ, முள்ளங்கியோ, கத்திரிக்காயோ. தேங்காய் கிடையாது. தேங்காய் போட்டால் அது கறிக்குழம்பு இல்லையாம், கல்யாண வீட்டுக் குருமாவாம்.

இதெல்லாம் ஏதோ கைப்பக்குவம், நாக்கு ருசி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அம்மாவைத் தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் புரிந்தது. எங்கள் ஆயா காலத்தில் சேரிக்கு வந்து சேர்ந்த மாடு, ஏர் ஓட்டி ஓய்ந்த மாடு. அல்லது ஊர்த்தெருவில் செத்துப்போய், இழுத்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பிய மாடு. அந்தக் கறி அரை நாள் எரித்தாலும் வேகாது. பப்பாளிக்காயும் கொட்டாங்குச்சியும் அப்படி வந்ததுதான். மாடு என்றைக்குச் சாகும் என்று யாருக்கும் தெரியாது. சாகிற அன்றைக்கு ஒரே நாளில் அவ்வளவு கறியும் வந்து குவியும், அதற்கப்புறம் மாசக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் உப்புக்கண்டம். நீள நீளமாகக் கிழித்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, காக்காய்க்கு ஒரு பிள்ளையைக் காவல் வைத்து வெயிலில் காயவைப்பார்கள். அந்தக் காவல் பிள்ளையாக நானும் இருந்திருக்கிறேன். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் கிடக்கும்போது பானையிலிருந்து நாலு துண்டு எடுத்து தணலில் சுட்டுத் தட்டிக் கொடுத்தால், ஒரு துண்டுக்கு ஒரு உருண்டை களி உள்ளே இறங்கும். குடலைச் சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டுச் சுரண்டுகிறது, ரத்தத்தை உப்புப் போட்டு உறையவைத்து வெங்காயத்தோடு பொரிக்கிறது, சுவரொட்டியைச் சுட்டுப் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கிறது எல்லாம் இதே கணக்குத்தான். எதையும் வீசி எறிகிற நிலைமையில் அவர்கள் இல்லை.

அண்ணி வந்தது 1996இல். கோலார் தங்கவயல் பெண். அண்ணன் அங்கே வெல்டிங் வேலைக்குப் போன இடத்தில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டான். எங்கள் வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பித்துப் போன சனம்தான் தங்கவயலில் பெரும்பாதி. 1880இல் வெள்ளைக்காரக் கம்பெனி வந்து சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, பூமிக்குள் இறங்கி உயிரைப் பணயம் வைத்தவர்கள் நம்மவர்கள்தான். அங்கேதான் பண்டிதர் அயோத்திதாசரின் ‘தமிழன்’ பத்திரிகையை வாசிக்கக் கூட்டம் சேர்ந்தது, மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் எழுந்தது. அண்ணி வீட்டார் மட்டும் கோயிலுக்குப் போனவர்கள், மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். மதத்துக்காக எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அம்மாவுக்குக் குறையாகப் பட்டது வேறு.

கல்யாணம் ஆகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, “நான் ஆக்கறேன் அத்தே” என்று அண்ணி கறியை வாங்கிக்கொண்டாள். முதல் நாள் ராத்திரியே வினிகரில் ஊறப் போட வேண்டும், இன்றைக்கு நேரம் இல்லை, இரண்டு மணி நேரமாவது ஊறட்டும் என்று பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அப்புறம் மிளகு, பட்டை, தக்காளி, நாலாக வெட்டின உருளைக்கிழங்கு. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு வெளியில் போய் உட்கார்ந்தாள்.

“இன்னாமே அது, ஊறுகா பாட்டில்ல கறிய முக்கி எடுத்தா மாதிரி கீது?”

“புளிப்பு போட்டாதான் அத்தே கறி சாஃப்டா வரும்.”

“புளிப்பு போட்டா கறி வெறைக்கும். நாப்பது வருசமா நான் ஆக்கறேன், எனக்குத் தெரியாதா?”

அன்றைக்குத் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. இதில் யார் சரி என்று கேட்டால், ஒரு வாத்தியாரம்மாவாக நான் சொல்லக்கூடியது, ஊறவைக்கிற புளிப்பு வேறு, கொதிக்கும்போது சேர்க்கிற புளிப்பு வேறு, கறியும் வேறு வேறு என்பதுதான். இதைச் சொல்லி இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு தடவை அம்மா, “வெள்ளக்காரன் நாத்தத்தக் கொண்டாந்து ஊட்ல ஊத்தாத” என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டாள். நான் அண்ணிக்குப் பரிந்து பேசப் போனேன். “எம்மா, நீ அரைக்கிறியே மொளகா, அதுவும் பறங்கிக்காரன் கப்பல்ல கொண்டாந்ததுதான். அவன் வர்றதுக்கு முன்னாடி இந்த நாட்லயே மொளகா கெடையாது. மொளகுதான்.” அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப அதுக்கு முன்னாடி நம்பாளுங்க மொளகு வாங்கித் துன்னாங்களா? மொளகு வாங்கற மூஞ்சிங்களா நாம?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பறங்கிக்காரன் வருவதற்கு முன்னால் எங்கள் சேரிக் குழம்பில் காரத்துக்கு என்ன போட்டார்கள் என்று எழுதி வைத்தவர்கள் யார்?

எழுதி வைத்தது என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்குக் கல்யாணம் ஆனபோது உடன் வேலை செய்த டீச்சர் ஒருவர், எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார். 1951இல் முதலில் வந்த புத்தகம். தமிழ்ச் சமையல் என்றால் அதுதான் என்று இன்றைக்கும் பேர். அந்த அம்மா கவனமாகத்தான் எழுதியிருக்கிறார், அளவெல்லாம் துல்லியம், அதில் பார்த்து நானும் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் புத்தகத்தில் ஒரு எலும்புத் துண்டு கிடையாது. அவர் வீட்டில் சமைத்ததை அவர் எழுதினார், அது அவர் குற்றமில்லை. அது மட்டுமே தமிழ்ச் சமையல் என்று ஆனதுதான் கேள்வி.

இன்னொரு புத்தகம், அதற்கும் முந்தியது. 1878இல் சென்னையில் வெளிவந்தது. கென்னி ஹெர்பர்ட் என்கிற பட்டாளத்து அதிகாரி, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் துரைசானிகளுக்காக எழுதிய சமையல் புத்தகம். அதில் அவர் சமையல்காரனைப் பற்றி நிறையப் பேசுகிறார். எல்லாச் சமையல்காரனுக்கும் பொதுவாக ஒரே பேர், ராமசாமி. துரை வீட்டு அடுப்படியில் மாட்டுக்கறி வேகும், சாதி இந்து அங்கே கால் வைக்கமாட்டான். அதனால் அந்த வேலைக்கு அதிகமும் போனவர்கள் பறையர்கள். மிளகுத் தண்ணி ‘முல்லிகட்டானி’ ஆகி லண்டன் வரைக்கும் போன கதை எல்லாருக்கும் தெரியும். அந்த மிளகுத் தண்ணியை முதலில் துரைக்கு வைத்துக் கொடுத்தவன் பேர் யாருக்கும் தெரியாது. ராமசாமி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி ஒரு ராமசாமியின் பேத்திதான் எங்கள் அண்ணி. இது எனக்குத் தெரிய வந்தது ஒயின் ஜாடி விவகாரத்தில்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். அண்ணியின் அப்பாவுக்கு வேலை போனது, அண்ணனுக்கும் பட்டறையில் வேலை இல்லை. அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்துக்கே வந்துவிட்டார்கள். சாமான்களோடு இரண்டு பீங்கான் ஜாடிகளும் வந்தன. அம்மா ஊறுகாய் ஜாடி என்று நினைத்துக்கொண்டாள். அக்டோபர் கடைசியில் அண்ணி கறுப்பு பன்னீர் திராட்சை நாலு கிலோ வாங்கி வந்து, காம்பு ஆய்ந்து, கழுவித் துணியில் உலர்த்தினபோதும் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. பழத்தைக் கையால் மசித்து, சரிக்குச் சரி சர்க்கரை போட்டு, கொதித்து ஆறின தண்ணி ஊற்றி, ஒரு பிடி கோதுமை, பட்டை, லவங்கம், வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்த ஈஸ்ட் எல்லாம் போட்டு இரண்டு ஜாடியிலும் பிரித்து ஊற்றி வாயைத் துணியால் கட்டினாள். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து மரக்கரண்டியால் கிளறுவாள், ஒரே பக்கமாகத்தான் கிளற வேண்டுமாம். இருபத்தோரு நாள். அப்புறம் வடிகட்டி, தெளியவைத்து, கிறிஸ்துமஸுக்கு எடுக்கிறது.

இதிலும் அவர்கள் வீட்டில் கட்சி உண்டு. அண்ணியின் அம்மா ஈஸ்ட் போடக்கூடாது என்பார், பழத்தோலில் இருக்கிறதே போதும் என்பது அவர் வாதம். அத்தைக்காரி பீட்ரூட் வேகவைத்த தண்ணியைக் கலந்து சிவப்பேற்றுவாராம், அதை அண்ணியின் அம்மா திருட்டு ஒயின் என்பார். நாற்பது நாள் ஊறவேண்டும் என்று சொல்கிற பெரியப்பா ஒருத்தர் இருந்தார், அவர் மட்டும் முப்பதாவது நாளிலேயே ருசி பார்க்க ஆரம்பித்துவிடுவாராம்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, ராத்திரி ஜாடிப் பக்கம் போன அம்மா வந்து என்னிடம் கேட்டாள். நான் அப்போது தீபாவளி லீவுக்கு வந்திருந்தேன்.

“அதுல இன்னா கொறகொறன்னு சத்தம் கேக்குது? நொர கட்டிக்கினு கீது.”

சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக மாற்றுகிறது, அப்போது வாயு வரும், அதுதான் சத்தம் என்று பாடம் நடத்துகிற பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சாராயம் என்ற சொல்லை வாயில் விட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் அப்பா சாராயத்தில் செத்தவர். 1981இல் அரசாங்கம் சாராயக் கடைகளையும் கள்ளுக்கடைகளையும் திறந்தது. தோல் ஷாப்பிலிருந்து வருகிற வழியிலேயே ஒரு கடை. அந்த நாற்றத்தில் பகல் பூரா நின்றவனுக்குச் சோறு இறங்காது, ஒரு கிளாஸ் போட்டால்தான் மூக்கு மரத்துப்போகும் என்று அப்பா சொல்வார். அவர் சொன்னது பொய்யில்லை. வாரக் கூலியில் பாதி கடையிலேயே நின்றதும் பொய்யில்லை. 1982இல் ஒரு நாள் காலையில் திண்ணையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒன்பது வயசு. அந்த வாரக் கடனைக் கேட்டு கடைக்காரன் பதினாறாம் நாள் அன்றைக்கு வந்தான். அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் காதில் ஒன்றும் போடவில்லை, துடைப்பக்குச்சிதான் சொருகியிருப்பாள்.

அந்த ராத்திரி அம்மா சத்தம் போடவில்லை. காலையில் அண்ணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“கண்ணு, நீ துன்றது குடிக்கிறது உன் இஷ்டம். உன் சாமி, உன் பண்டிக. ஆனா இந்த ஊட்ல அது வேணாம்.”

“அத்தே, இது சாராயம் இல்ல. கேக்கோட ஒரு சின்ன டம்ளர். கொழந்தைங்க கூட நாக்குல வெப்பாங்க.”

“அவரும் மொதல்ல சின்ன டம்ளர்லதான் குடிச்சாரு.”

அந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார், அம்மாவின் தம்பி. ரிபப்ளிகன் கட்சிக்காரர், மாட்டுக்கறியும் தொடமாட்டார், குடியும் கிடையாது. “பாபாசாகேப் இன்னா சொன்னாரு?” என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். 1927இல் மகாடில் செத்த மாட்டுக்கறி தின்னாதே என்று சொன்னார். 1956இல் நாகபுரியில் எடுக்கச் சொன்ன இருபத்திரண்டு உறுதிமொழிகளில் மது குடிக்கமாட்டேன் என்பதும் ஒன்று. இரண்டையும் எடுத்து வைத்தார். அண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை. “செத்த மாட்டத் துன்னாதன்னுதான் சொன்னாரு மாமா. மாட்டுக்கறியே துன்னாதன்னா சொன்னாரு?” என்றாள். மாமா சிரித்துவிட்டார். மாட்டுக்கறி தின்றதும் பௌத்தராக இருந்ததும்தான் நம்மைத் தீண்டாதவர் ஆக்கியது என்று 1948இல் அவரே புத்தகம் எழுதியிருக்கிறார் என்று நான் சேர்த்துக்கொண்டேன். “கறி விஷயத்துல உங்கிட்ட தோத்துட்டேன் தாயே. ஒயினுக்கு இன்னா பதில்?” என்றார் மாமா.

அதற்கு அண்ணி சொன்ன பதிலைத்தான் நான் மறக்கமுடியாது. அவளுடைய தாத்தா தங்கவயலில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பங்களாவில் பட்லர். ரோஸ்ட், கட்லெட், வினிகரில் ஊறவைத்த கறி, கிறிஸ்துமஸ் கேக், ஒயின், எல்லாம் அவர் கை. ஜாடி ஜாடியாகப் போட்டு, வடிகட்டி, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வெள்ளைத் துணியைக் கையில் போட்டுக்கொண்டு மேஜைக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். அவருக்கு ஒரு டம்ளர் யாரும் கொடுத்ததில்லை. கேட்கவும் முடியாது. வடிகட்டின சக்கையைக் கொட்டச் சொல்வார்கள். அதைக் கொட்டாமல் டின்னில் போட்டு லைன் வீட்டுக்குக் கொண்டுவருவார். பாட்டி அந்தச் சக்கையில் வெல்லமும் தண்ணியும் ஊற்றி இரண்டாம் தடவை புளிக்கவைப்பார். அதுதான் அவர்கள் வீட்டின் முதல் கிறிஸ்துமஸ் ஒயின்.

“எங்க தாத்தா துரைக்கு ஊத்திக் குடுத்தது. நாங்க எங்களுக்கே ஊத்திக்கறோம். அவ்ளதான் அத்தே.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “சக்கையிலயா?” என்று மட்டும் கேட்டாள். ஆயா காலத்துக் குடலையும் ரத்தத்தையும் நினைத்தாளோ என்னவோ. பிறகு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கோயில் ஒயினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நற்கருணைக் கிண்ணத்தில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் அதுவே பெரிய தகராறு. பறையன் வாய் வைத்த கிண்ணத்தில் நாங்கள் குடிப்பதா என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். முதலில் அவர்கள், பிறகு நாம் என்று வரிசை வைத்துக்கொண்ட சபைகள் இருந்தன. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். கள் குடிப்பவன் ஈனன், ஒயின் குடிப்பவன் நாகரிகக்காரன் என்கிறார்களே, அந்த நாகரிகமான ஒயினிலும் எச்சில் பார்த்தவர்கள்தான் இவர்கள். அண்ணிக்கு இந்த வரலாறு தெரியாது, நான் பிற்பாடு படித்துச் சொன்னேன். “அதான் எங்க பாட்டி கிண்ணத்த ரெண்டு கையால புடிச்சு நல்லா இழுத்துக் குடிக்கும்” என்றாள். அந்தப் பாட்டிக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் வந்தது. ஒரு ஜாடியைத் திறந்தார்கள். அண்ணன் குடித்தான், நான் ஒரு வாய் குடித்தேன். தித்திப்பும் துவர்ப்புமாக, லவங்க வாசனையோடு நன்றாகத்தான் இருந்தது. அம்மா கேக் மட்டும் எடுத்துக்கொண்டு தெருவில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது ஜாடியை ஈஸ்டருக்கு என்று மூடி, துணி போட்டு இறுக்கி, அறையின் மூலையில் வைத்தாள் அண்ணி.

ஈஸ்டர் அன்று ஜாடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற புளிப்பு. மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. மூடி சரியாக இல்லை, துணி முடிச்சும் அண்ணி போட்ட முடிச்சு இல்லை. கழனியில் நாற்றுக்கட்டு கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு. அந்த வீட்டில் அந்த முடிச்சு போடத் தெரிந்தவர் ஒருத்தர்தான்.

நான் அண்ணி முகத்தைப் பார்த்தேன். அண்ணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அந்த அரிசியில் அவ்வளவு கல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அண்ணி ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “அத்தே, முதல் தரமான வினிகர் ஆயிப்போச்சு” என்றாள். ஒயினைக் காற்றுப்படத் திறந்து வைத்தால் அதிலிருக்கிற சாராயம் புளித்துக் காடியாகிவிடும். மயக்கம் போய்விடும், புளிப்பு நிற்கும். ஆடையை எடுத்துப்போட்டு, வடிகட்டி, காய்ச்சி, பாட்டில்களில் நிரப்பினாள். அன்றைக்குக் கறியை அதில் ஊறப்போட்டாள். பறங்கிக்காரர்கள் இறைச்சியை ஒயின் காடியிலும் பூண்டிலும் ஊறவைத்த பழக்கம்தான் கோவாவில் ‘விந்தாலு’ ஆனது என்று நான் சொல்லப் போனேன், யாரும் காதில் வாங்கவில்லை.

அம்மா முதல் தடவையாக அண்ணியின் கறியில் இரண்டாம் முறை குழம்பு கேட்டாள். “கடையில வாங்கற பாட்டிலுக்கு இது எவ்ளோ தேவல” என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மூடியைத் திறந்தது யார் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து அண்ணி மூன்று ஜாடி போட ஆரம்பித்தாள். ஒன்று கிறிஸ்துமஸுக்கு, ஒன்று ஈஸ்டருக்கு, ஒன்று அத்தைக்கு.

2003இலிருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடையில் சில்லறையாக விற்கிறது. எங்கள் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் போனார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி ஆகிவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல் செத்தார்கள், நிறையப் பேர் நம்மவர்கள், கூலிக்காரர்கள். டி.வி.யில் வரிசையாகப் பிணத்தைப் பார்த்துவிட்டு அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அண்ணியும் அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடவில்லை. அம்மாவுக்கான ஜாடியை மட்டும் போட்டாள். இதை அவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் வேலூரில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் மாட்டுக்கறியை ‘பெரிய கறி’ என்றுதான் போனில் சொல்வோம். வீட்டுக்காரர் காதில் விழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை குக்கரில் வைத்து, சன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, கறுப்புப் பையில் எலும்பைக் கட்டி ஸ்கூட்டரில் கொண்டுபோய்த் தூரத்தில் போட்டிருக்கிறேன். தின்றதற்காகத் திருடனைப் போல இருந்த வருஷங்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூர் பிரியாணி என்றால் சீரகச் சம்பா, அரைத்த காய்ந்த மிளகாய், தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய். அந்த ஊரில் மாட்டுக்கறி பிரியாணி தின்னாத தெரு எது? ஆனால் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “நம்ப கறிய அவன் திருவிழாவுல வெச்சா இன்னா, வெக்காட்டி இன்னா” என்றாள். அண்ணி விடவில்லை. “வெக்கணும் அத்தே. வெச்சுதான் ஆவணும்.” அதிலும் ஒரு அரை மணி நேரம் சண்டை போயிற்று. நான் அண்ணி கட்சி.

இப்போது நான் சொந்த வீட்டில் இருக்கிறேன், சன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கிறேன். போன வருஷம் ரிட்டையர் ஆவதற்கு முந்தி லீவு எடுத்துக்கொண்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு நூறு பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். அம்மாவிடம் அளவு கேட்டால் கையைக் காட்டுகிறாள். “எவ்ளோ உப்பு?” “கறியப் பாத்தா தெரியும்.” அண்ணி சொல்வதை அம்மா மறுப்பாள், அம்மா சொல்வதை அண்ணி மறுப்பாள். உப்புக்கண்டத்துக்கு மிளகாய்த் தூள் உண்டா இல்லையா என்பதில் மட்டும் ஒரு மத்தியானம் போனது. குடல் குழம்புக்கு இரண்டு விதம் எழுதினேன். ரத்தப் பொரியலில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள், ஒரு சொல் மாற்றம் இல்லை.

மாட்டுக்கறிக் குழம்பு பக்கத்தில், ‘புளி அல்லது வினிகர்’ என்று எழுதி வைத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் இல்லாத நேரத்தில் பேத்தியைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

“அல்லதுன்னா இன்னாடி அர்த்தம்?”

“இது இல்லன்னா அதுன்னு அர்த்தம் ஆயா.”

“அத்த அடிச்சிடு” என்றாளாம். அடுப்படியிலிருந்து அண்ணி, “அடிச்சா கைய ஒடிப்பேன்” என்று கத்தினாளாம். பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டது.